கொழுந்தன் கடைக்கு எத்தனை கெஜம்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் கொழுந்தன் செல்வம் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

அண்ணன் வீட்டுக்குத் தம்பி வருவதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்திதான்! மூன்றரை மாதமாக அவன் என்னோடு பேசவில்லை. அவனியாபுரம் கடைத்தெருவில் எதிரே பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். ஆடியில் குலசாமி கும்பிடப் போனபோது நாங்கள் எல்லோரும் ஒரே வேனில் ஏற, அவன் மட்டும் டூவீலரில் தனியாக வந்தான். அங்கேயும் நான் நீட்டிய விபூதியைத் தொடாமல் நேராகப் பூசாரியிடம் போய் வாங்கிக்கொண்டான்.

சொத்துத் தகராறா? இல்லை. கொடுக்கல் வாங்கலா? அதுவும் இல்லை. எங்களைப் பிரித்தது ஒரு டேப். மைதானத்தில் நீளம் தாண்டுதல் அளப்பார்களே... அந்த முப்பது மீட்டர் டேப்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: நான் கணக்கு டீச்சர். அவனியாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வட்டமும் முக்கோணமும் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் கொழுந்தன் செல்வம், அதே பள்ளிக்கூடத்தின் பின் தெருவில் டீக்கடை வைத்திருக்கிறான். டீ, பன், பாக்கெட் ஷாம்பு, வாழைத்தார். ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி நிறைய சிகரெட். அதற்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கும் ஒரு லைட்டர்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு சர்க்குலர் வந்தது. பள்ளியைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை எதுவும் விற்கக் கூடாது. சட்டம் புதிதல்ல; பல வருடமாக இருப்பதுதான். ஆனால் இந்த முறை அந்த நூறு கெஜத்தை அளந்து, மஞ்சள் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதற்குப் பள்ளிக்கு ஒரு புகையிலைக் கண்காணிப்பாளர் வேண்டும்.

"யார் எடுத்துக்கிறீங்க?" என்றார் ஹெச்.எம்.

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்துப் பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தால்... கை தட்டுகிறார்கள்! அப்படித்தான் நான் கண்காணிப்பாளர் ஆனேன்.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டோம். டேப் பி.டி. சாருடையது. நூறு கெஜம் என்றால் தொண்ணூற்றொரு மீட்டரும் சொச்சமும். டேப்பின் ஒரு முனையை மெயின் கேட்டில் பிடித்துக்கொண்டு, ரோட்டோரமாகவே இழுத்துக்கொண்டு போனோம். மூன்று இழுப்பு, அப்புறம் ஒன்றரை மீட்டர். மாவு மில்லுக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது. மஞ்சள் கோட்டை நானே நின்று போடவைத்தேன்.

செல்வத்தின் கடை எங்கே? மாவு மில்லைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி, பின் தெருவில். கோட்டுக்கு வெளியே... நல்ல வெளியே. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கடமையும் முடிந்தது, உறவும் கெடவில்லை! பெயின்ட் டப்பா மூடி திறக்கவில்லை என்று ஸ்பூன் கொடுத்தவனே செல்வம்தான். அளந்த எல்லோருக்கும் பன்னீர் சோடா வேறு உடைத்துக் கொடுத்தான்.

"மதினி, நூறு கெஜத்துல ஒரு அங்குலம் குறைஞ்சாலும் சொல்லுங்க. கடைய உருட்டிட்டுப் போயிருவேன்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்தக் கோடு உடனே வேலை செய்ய ஆரம்பித்தது. எதற்கு என்றால், ஷேர் ஆட்டோவுக்கு! பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் ஷேர் ஆட்டோ அண்ணன்கள், ரோட்டுக்குக் குறுக்கே மஞ்சள் கோட்டைப் பார்த்ததும் அரசாங்கம் தங்களுக்குத்தான் புது ஸ்டாப் போட்டுக் கொடுத்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து "மஞ்சக்கோடு... மஞ்சக்கோடு எறங்கு" என்று குரல் கொடுக்கிறார்கள். நானே அங்கேதான் இறங்குகிறேன்.

சிகரெட்டுக்கு வேலை செய்ததா? அதைச் சொன்னது முத்துப்பேச்சி அக்கா.

முத்துப்பேச்சி அக்கா எங்கள் பள்ளியின் துப்புரவுப் பணியாளர். பின்பக்கக் காம்பவுண்டு சுவர் ஓரம் ஒரு புங்க மரம் இருக்கிறது. தினமும் காலை அங்கே கூட்டுவார். ஒரு நாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, முறத்தை என் முன்னால் நீட்டினார். புங்க இலைச் சருகு, மிட்டாய்க் காகிதம், நடுவில் எட்டுப் பத்து சிகரெட் துண்டுகள்.

"கோடு போட்டீங்கல்ல டீச்சர்? கோட்டுக்கு முந்தியும் இம்புட்டுத்தான். இப்பவும் இம்புட்டுத்தான்."

"எப்படிக்கா? கேட்டுல வாட்ச்மேன் இருக்காரே..."

"பயலுக கேட்டு வழியாவா போறாங்ய? செவுரு ஏறித்தான போறாங்ய!"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனசு என்ன செய்யும்? தனக்கு வசதியானதைத்தானே பிடித்துக்கொள்ளும். சுவர் ஏறுவது ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம், அது பி.டி. சார் டிபார்ட்மென்ட், என் வேலை கோடு போடுவது மட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்கு மறுவாரம் ஒன்பதாம் வகுப்பில் வட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். மையத்திலிருந்து வட்டத்தின் விளிம்புக்குப் போகும் நேர்கோடுதான் ஆரம் என்று போர்டில் போட்டேன். மூன்றாவது பெஞ்சில் ரிஸ்வானா எழுந்தாள். கெட்டிக்காரப் பெண். சந்தேகம் கேட்டால் பதில் வரும்வரை உட்கார மாட்டாள்.

"டீச்சர், ஆரம்னா நேராத்தானே போகணும்?"

"ஆமா."

"அப்ப நாம மஞ்சக் கோட்டுக்கு மட்டும் ரோடு போன பக்கமா அளந்தோமே... நோட்டீஸ் போர்டுல ஒட்டுன சர்க்குலர்ல, சுவத்துல இருந்து ஆரம்னுதானே டீச்சர் போட்டிருக்கு?"

எனக்குக் காது சூடானது.

மதியம் போய் அந்தச் சர்க்குலரை எடுத்தேன். இரண்டு பக்கம். முதல் பக்கத்தை மட்டும் நான் படித்திருந்தேன். இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் தெளிவாக இருக்கிறது: பள்ளியின் சுற்றுச்சுவர் வெளி எல்லையிலிருந்து எல்லாப் பக்கமும் நேராக அளக்க வேண்டும். 'கேள்வியை முழுசாப் படிக்காம விடை எழுதாதே' என்று எத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையில் எழுதியிருப்பேன்! என் விடைத்தாளை யாரிடம் கொடுப்பது?

அன்று சாயங்காலம் பி.டி. சாரும் நானும் பின்பக்கச் சுவரருகே போனோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை. கருவேலஞ்செடிகளுக்கு நடுவே நன்றாகத் தேய்ந்த ஓர் ஒற்றையடிப் பாதை. அதன் முடிவில் கொழுந்தன் கடையின் பின்பக்கத் தகரம். டேப்பைப் பிடித்தோம். ஒரு இழுப்பு, அப்புறம் பாதி இழுப்பு. அவ்வளவுதான். நூறு கெஜத்தில் பாதிகூட இல்லை.

அந்த நேரம் சுவர் மேல் ஒரு கால் தெரிந்தது. பிறகு இன்னொன்று. ஸ்பெஷல் கிளாஸ் இடைவேளை. பிளஸ் ஒன் பையன்கள் மூன்று பேர் என் முன்னால் குதித்தார்கள். யூனிபார்ம் சட்டையின் பட்டன் எல்லாம் திறந்திருக்க, உள்ளே கலர் டி-ஷர்ட். அது ஏன் என்று கேட்டேன். அதில் கார்த்திக் என்பவன் தலையைச் சொறிந்தான்.

"யூனிபார்ம்ல போனா செல்வண்ணன் குடுக்க மாட்டாரு டீச்சர்."

பாருங்கள், என் கொழுந்தனுக்கும் ஒரு நேர்மை இருந்திருக்கிறது! கடையில் '18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பனை இல்லை' என்ற போர்டும் உண்டு. வாழைத்தாருக்குப் பின்னால்.

திட்டுவதா, அடிப்பதா? எனக்குக் கணக்குதான் வரும். "இன்டர்வெல் பத்து நிமிஷம். அதுக்குள்ள எப்படிடா?" என்றேன்.

"செவுரு ஏற ஒரு நிமிசம் டீச்சர். கடைக்கு ஒரு நிமிசம். மூணு பேருக்கும் சேத்து ஒரு சிகரெட்டு, நாலு நிமிசம். வார வழியில மிட்டாய். பெல் அடிக்கையில கிளாஸ்ல இருப்போம்."

"அதே சிகரெட்டை மெயின் ரோட்டுக் கடையில வாங்குறதா இருந்தா?"

கார்த்திக் யோசித்தான். காலமும் தூரமும் கணக்கில் நாற்பது மார்க்கைத் தாண்டாத பையன், இந்தக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டான்.

"பத்தாது டீச்சர். பெல் அடிச்சிரும்."

"பத்தாட்டி என்ன பண்ணுவ?"

"என்னத்தப் பண்ண... கிரவுண்டுல நிப்போம்."

என்னமோ பெரிய ரகசியம் ஒன்றை எனக்கு யாரோ சொல்லிவிட்டது போல இருந்தது. இந்தப் பிள்ளைகள் யாரும் சிகரெட்டுக்காக உயிரை விடுகிறவர்கள் இல்லை. பக்கத்தில் இருக்கிறது, பத்து நிமிடம் இருக்கிறது, கூட வர இரண்டு பேர் இருக்கிறார்கள். அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்துக்குள் கை எட்டவில்லை என்றால் பாதிப் பேர் அதை மறந்தே போவார்கள். கெஜத்தில் சட்டம் எழுதியவர் இடைவேளை மணியை மனசில் வைத்துத்தான் எழுதியிருப்பாரோ?

சரி, விடை தெரிந்துவிட்டது. அதை எழுத வேண்டிய இடம்தான் பிரச்சினை. செல்வத்துக்கு அந்தக் கடைதான் எல்லாம். அதில்தான் வீட்டு வாடகை, அதில்தான் பிள்ளை படிப்பு.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பேசாம விட்டுரு" என்றார். "ஊர்ல எல்லாக் கடையிலயும்தான் விக்கிறான். என் தம்பி ஒருத்தன் கடையில எடுத்துட்டா ஊரு திருந்திருமா?"

"நீங்க எப்படித் திருந்துனீங்க?"

சிகரெட்டை விடச் சொல்லிப் பதினைந்து வருடம் நான் அழுதேன், சண்டை போட்டேன், பழனிக்கு நடக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எதற்கும் அசையவில்லை மனுஷன். அப்புறம் அவர் ஆபீசில் உள்ளே பிடிக்கக் கூடாது, ரோட்டுக்குப் போய்த்தான் பிடிக்க வேண்டும் என்று வந்தது. ஆபீஸ் மூன்றாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். நாளுக்கு எட்டு முறை இறங்கி ஏறியவர் நாலு முறை ஆக்கினார். அப்புறம் இரண்டு. லிஃப்டைச் சரிசெய்வதற்குள் பழக்கமே போய்விட்டது. என் கண்ணீர் செய்யாததை மூன்று மாடிப் படிக்கட்டு செய்தது. கோபமாக வராதா எனக்கு?

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். "சரி... அவன்ட்ட நீயே மொதல்ல போய்ச் சொல்லிரு. வேற யாரும் சொல்லித் தெரிய வேண்டாம்" என்றார்.

போனேன். செல்வம் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். நான் சொல்லச் சொல்ல அவன் கை மெதுவாகி, அப்புறம் நின்றேவிட்டது.

"மதினி, டீக்கு வாரவன் டீக்காகவா வாரான்? ஒரு சிகரெட்டப் பத்த வச்சுட்டு, அதுக்குத் தொணையாத்தான் ஒரு டீ சொல்றான். பெட்டிய எடுத்துட்டா நான் யாருக்கு ஆத்துறது?"

"தெரியுது செல்வம்."

"தெரிஞ்சுமா சொல்றீக? அளந்து, கோடு போட்டு, சோடா குடிச்சிட்டுத்தான போனீக? அன்னிக்குக் கடை வெளிய இருந்துச்சு. இன்னிக்கு எப்படி உள்ள வந்துச்சு? கடையா நடந்து வந்துச்சு?"

என்ன சொல்வேன்? கடை நடக்கவில்லை, உன் மதினிதான் தப்பாக அளந்தாள் என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று உங்களிடம்தான் சொல்ல முடியும்.

"அண்ணன் பொண்டாட்டின்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னான். டீ கொடுக்கவில்லை.

நான் கண்காணிப்பாளர் என்ற முறையில் திருத்திய கடிதம் எழுதினேன். ஹெச்.எம். கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வருவதற்கு முந்தின நாளே பெட்டியை எடுத்துவிட்டான் செல்வம். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

நான் செய்தது சரி என்று தெரியும். ஆனாலும் ஷேர் ஆட்டோவில் அந்தத் தெரு முனையைத் தாண்டும்போதெல்லாம் கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். முதல் மாதம் பெஞ்ச் காலியாகத்தான் கிடந்தது. அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. சரியாகச் செய்தவளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் போடவில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஒரே ஆறுதல் முத்துப்பேச்சி அக்காவின் முறம். கேட்காமலே கொண்டுவந்து காட்டுவார். பத்து துண்டு ஐந்தானது. ஐந்து இரண்டானது. செப்டம்பரில் ஒரு நாள், "இன்னிக்கி வெறும் சருகுதான் டீச்சர். நல்லாப் பாத்துட்டேன்" என்றார். அந்தச் சருகை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

எல்லாப் பையன்களும் உத்தமர்களாகிவிட்டார்கள் என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. நன்றாகப் பழகிவிட்ட ஒன்றிரண்டு பேர் சாயங்காலம் பைபாஸ் பக்கம் போகிறார்கள் என்று தெரியும். அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சும்மா கூடப் போனவர்கள் நின்றுவிட்டார்கள். கார்த்திக் இடைவேளையில் வாலிபால் நெட் கட்டுகிறான். அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஏழாவது, எட்டாவது படிக்கும் பொடிசுகள் அந்தப் புங்க மரத்தடியில் நின்று, சுவர் ஏறும் அண்ணன்களை ஹீரோவைப் போல அண்ணாந்து பார்க்கும். இப்போது அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால் கோலி விளையாடுகிறார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் செல்வம். கையில் ஒரு தூக்குவாளி, இன்னொரு கையில் பத்திரிகைக் கட்டு. நான் அடுப்படிக்குள் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவனே கூப்பிட்டான்.

"மதினி, மகளுக்குக் காதுகுத்து. மொதப் பத்திரிகை உங்களுக்குத்தான். நீங்க முன்னாடி நின்னு நடத்தணும்."

அழுதுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூக்குவாளியைத் திறந்தால் சுடச்சுடப் பருத்திப்பால்! சிகரெட் பெட்டி இருந்த இடத்தில் இப்போது பருத்திப்பால் அண்டா உட்கார்ந்திருக்கிறதாம். சாயங்காலம் டியூஷன் விட்டு வரும் பெண்பிள்ளைகள், மாவு மில்லுக்கு வரும் பெண்கள் எல்லோரும் நின்று குடிக்கிறார்களாம். முன்பு புகைக்குப் பயந்து அவர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். லைட்டர் தொங்கிய கயிற்றில் இப்போது ஷாம்பு பாக்கெட் நறுக்கும் கத்திரி தொங்குகிறது.

"பழைய ஓட்டம் இன்னும் வரல மதினி. ஆனா நிக்கிது" என்றான்.

சொல்லிவிட்டு ஒரு மாதிரி நெளிந்தான். "இன்னொண்ணு... நானும் விட்டுட்டேன்."

"எதை?"

"அதத்தான். கடையில இருந்தப்ப கை தன்னால பெட்டிக்குள்ள போகும். எம்புட்டுப் பிடிக்கிறேன்னே தெரியாது. இப்ப வேணும்னா மெயின் ரோட்டுல மூக்கையன் கடைக்குப் போகணும். அவனுக்கும் எனக்கும்தான் ஆகாதுல்ல? அவன் கடை வாசல்ல போயி நின்னு, 'ஒரு சிகரெட்டுக் குடுப்பா'ன்னு நான் கேக்கவா? செத்தாலும் மாட்டேன்!"

பிள்ளைகளுக்காகப் போட்ட சட்டம் பிள்ளைகளோடு நிற்கவில்லை பாருங்கள். நாற்பத்திரண்டு வயது கடைக்காரனுக்கும் சேர்த்து வேலை செய்திருக்கிறது. அவனுக்கு நூறு கெஜம்கூடத் தேவைப்படவில்லை. எதிராளியின் கடை வாசல் போதுமானதாக இருந்தது.

சாப்பிட்டு முடித்து வண்டியில் ஏறியவன், ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே நின்றான்.

"மதினி, மூக்கையன் கடைக்குப் பின்னால ஒரு நர்சரி ஸ்கூல் இருக்கு, கவனிச்சீகளா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இல்ல... அதுவும் பள்ளிக்கூடம்தான? சுவத்துல இருந்து நேரா அளக்கணும்ல?" என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அந்த டேப்ப ஒரு நாளைக்குக் குடுங்களேன்."

திங்கட்கிழமை கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை. பி.டி. சார் கேட்டால், நீங்கள் எதையும் படிக்கவில்லை!